கூட்டினால் எட்டு

திரையில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டிருந்தது. நீள்கிறதா, நிற்கிறதா என்று நஞ்சப்பனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நிற்கிறது. கண்ணை எடுத்தால் நகர்ந்திருக்கிறது. திருட்டுக் கழுதை. டிசைன் ஆபீஸில் அவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் கேண்டீனுக்குப் போயாகிவிட்டது. ஏசி மட்டும் சளி கட்டினவன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. புரோகிராமை எழுதின ஹசீனா போகிறபோது சொல்லிவிட்டுப் போனாள். "சார், இது பாட்டுக்கு ஓடட்டும். பழைய டிராயிங் அத்தனையும் எடுத்து, நம்பர் சரிபார்த்து, பேர் மாத்தி, அதது அதனதன் ஃபோல்டர்ல போட்டுரும். கடைசியில ஒரே ஒரு கேள்வி கேக்கும். ஆமாம், இல்லை, ரெண்டுல ஒண்ண அழுத்துங்க. அவ்வளவுதான்." என்ன கேள்வி என்று கேட்டார். "நடுவுல காலியாக் கிடக்கிற நம்பரையெல்லாம் இனி வர்ற புது டிராயிங்குக்குக் கொடுத்துரலாமான்னு கேக்கும். ஆமாம்னு அழுத்தினா, அந்த நம்பருக்குள்ள வேலைக்குச் சம்பந்தமில்லாத குப்பை ஏதாச்சும் கிடந்தா அதையும் கூட்டித் தள்ளிரும். முதலாளி சின்னவர் ஆமாம்னுதான் போடச் சொன்னாரு. ஆனா ஹெட்டு நீங்க. நீங்க அழுத்தினாத்தான் அது எடுத்துக்கும்." சரி போ என்றார். போய்விட்டாள். போன பிறகுதான் உறைத்தது. அந்தக் குப்பை அவருடைய குப்பை. உறைத்தது என்றால் புதிதாக இல்லை. காலையிலிருந்தே உள்ளே ஒரு முள் இருந்தது, குப்பை என்ற சொல் அதில் போய் மாட்டிக்கொண்டது. காலையில் வீட்டில் மனைவி அமராவதி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். "எனக்கு... இனிமே..." என்றாள். நின்றாள். அவள் பேச்சு இப்போது அப்படித்தான். சொல் வரும், வருகிற வழியில் உட்கார்ந்துகொள்ளும். இவர் கையில் வண்டிச் சாவி. "இட்லி வேண்டாமா? சரி, மரகதத்தத் தோசை ஊத்தச் சொல்றேன்" என்று முடித்துவைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது திறந்தபடி. இட்லி இல்லை. இட்லியைப் பற்றிப் பேச எவளும் அப்படி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

எனக்கு இனிமே. இனிமே என்ன? கோடு ஓரடி வைத்தது. வைக்கட்டும். நம்பர் போடுகிற இந்த வேலை ஒழிந்ததில் நஞ்சப்பனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆபீஸில் நாலு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரிடம் துக்கம் கேட்கிற மாதிரி வந்தார்கள். போங்கடா என்றார். ஒரு படம் வரைந்தால் அதற்கு ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். பம்பின் மேலோட்டுக்கும் நம்பர், அதற்குள் சுற்றுகிற சக்கரத்துக்கும் நம்பர், இரண்டையும் பிடித்து வைக்கிற நட்டுக்கும் நம்பர். கொடுத்ததைப் படத்தின் மூலையில் எழுத வேண்டும், ஃபைலுக்கு அதே பேரை வைக்க வேண்டும், சரியான ஃபோல்டரில் போட வேண்டும், மாற்றம் வந்தால் ரிவிஷன் எழுத்தைக் கூட்ட வேண்டும், பழையதை ரத்து செய்ய வேண்டும். இதில் எங்கே படம் வரைவது? பாதி ஆயுள் நம்பர் போட்டே போயிற்று. அதிலும் பயல்கள் ஃபைலுக்கு வைக்கிற பேர் இருக்கிறதே. ஃபைனல். ஃபைனல் இரண்டு. உண்மையான ஃபைனல். நஞ்சப்பன் சார் பார்த்த ஃபைனல். ஒரு தடவை ஒரே நம்பரை இரண்டு பேர் எடுத்துக்கொண்டு, ஒருத்தன் வாஷருக்கும் ஒருத்தன் மூடிக்கும் வைத்து, வாஷர் கேட்ட இடத்தில் ஒரு லாரி நிறைய மூடி போய் இறங்கியது. இனி அதெல்லாம் கிடையாது. படத்தைத் திறந்தால் நம்பர் தானாக விழும். ஹசீனா முந்தாநாள் போட்டுக் காட்டினாள். விழுந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை லேசா? சனியன், இத்தனை லேசான வேலைக்கா இத்தனை வருஷம் கத்தினேன்? சனியன் என்று நினைத்ததும் பெரியவர் வந்து நின்றார். பெரியவர் என்றால் சின்னவரின் அப்பா, கம்பெனியை ஆரம்பித்தவர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. எந்த எண்ணும் கூட்டினால் எட்டு வரக் கூடாது, அது சனியின் எண் என்பார். கார் நம்பர், போன் நம்பர், வீட்டுக் கதவு நம்பர், ஒன்றும் எட்டு வரக் கூடாது. டிராயிங் நம்பர் மட்டும் என்ன தள்ளுபடியா? நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நாலும் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டும் எட்டு. தாண்டு. பதினேழு வந்தாலும் ஒண்ணும் ஏழும் எட்டு. தாண்டு. அப்படி ஒன்பதுக்கு ஒன்று ஓட்டையாகவே கிடந்தது. கைக்குழந்தை கூட்டுவது மாதிரி விரல்விட்டுக் கூட்டிக் கூட்டித்தான் நம்பர் கொடுத்தார்கள், என்ஜினீயரிங் படித்தவர்கள். பெரியவர் கடைசியில் ஒரு எட்டாம் தேதி போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போன இடத்தில் டூல் ரூம் ஆரோக்கியம் காதோடு, "சார், இந்த நம்பர மட்டும் அவரால தாண்ட முடியல பாருங்க" என்றான். சிரிப்பை அடக்க நஞ்சப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று சின்னவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நஞ்சப்பனுக்கு எட்டிலும் நம்பிக்கை இல்லை, சனியிலும் இல்லை. ஆனால் ஒருத்தரும் தொடாத இடம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு வசதி. எனக்கு இனிமே. இனிமே இங்கே இருக்க முடியாது என்று சொல்ல வந்தாளோ? தங்கச்சி வீடு உடுமலையில். போனால் போகட்டும், நாலு நாள் மாற்றமாக இருக்கும். நாலு நாள் இல்லை. இனிமே என்றாள். இனிமே என்பது நாலு நாளுக்குச் சொல்கிற சொல் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் ஃபவுண்டரியிலிருந்து கருகின மண் வாசனை வந்தது. கேண்டீன் பக்கம் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். தட்டுச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது. வீட்டில் அந்தச் சத்தம்தான். தட்டு, டம்ளர், ஸ்பூன். அமராவதியின் வலது கை முதலில் ஆடியது. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், ஊசி துணியில் இறங்காமல் காற்றில் தைத்தது. அவளே பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, என் கை உங்க பம்பு மாதிரி ஆடுது. ஃபவுண்டேஷன் சரியில்லீங்களா?" என்றாள். அப்போது பேச்சு நன்றாக இருந்தது. பேச்சுதானே அவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டுத் தரச் சொல்லி பெரியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு உயிரை எடுத்தார். இவர் போனில் கத்தினார், அவசரம், அவசரம் என்று. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், ஒரு அவசரமும் இல்லாமல், "சார், இப்படிக் கத்தினா பம்பாய்க்கு நேராவே கேட்டுரும், அப்புறம் நான் எதுக்கு? லைன்ல இருங்க" என்றது. இருந்தார். பெரியவர் முறைக்க முறைக்க இருந்தார். லைனில் ஒரு இரைச்சல், அதற்குள் எங்கெங்கோ யார் யாரோ பேசுவது கொசு ரீங்காரம் மாதிரி, நடுவில் அந்தக் குரல் யாருக்கோ நம்பர் சொல்வது. மறுநாள் பம்பாயில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கால் போட்டார். உலகத்தில் நஞ்சப்பனைக் காக்க வைத்த ஆள் ஒருத்திதான். பஸ்ஸுக்கு நிற்க மாட்டார், நடந்துவிடுவார். டாக்டர் வீட்டில் டோக்கன் கூப்பிடும் முன்பே எழுந்து கதவருகில் நிற்பார். எதிராளி பேச ஆரம்பித்தால் பாதியிலேயே மீதி என்ன என்று இவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எதற்குக் காத்துக்கொண்டு? முடித்துக் கொடுத்துவிடுவார். மீட்டிங்கில் எல்லாரும் பழகிப்போனார்கள். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசி என்ன ஆயிற்று என்று யாரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

அவளுக்குக் கை ஆட ஆரம்பித்த பிறகு சோறு வாய்க்கு வரும் முன் மடியில் விழுந்தது. அவள் விழுந்ததைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். நஞ்சப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. உபாயம் இல்லாத கோளாறு உண்டா? பம்பு ஆடினால் அடியில் கனம் போடுவோம். மறுநாள் டிசைன் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு உட்கார்ந்து ஒரு ஸ்பூன் வரைந்தார். தடித்த கைப்பிடி, பிடித்தால் நழுவாது. படம் வரைந்தால் நம்பர் வேண்டுமே. நம்பர் இல்லாத படத்தை டூல் ரூமில் ஆரோக்கியம் தொட மாட்டான். அப்படி அவனைப் பழக்கினதே இவர்தான். 4112. கூட்டினால் எட்டு. யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, யாரும் தேடப் போவதில்லை. ரிவிஷன் ஏ. ஆரோக்கியம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எந்தப் பம்புக்குங்க சார்?" "சாம்பிள். செய்யுன்னா செய்." செய்தான். கேட்டதைவிட வழவழவென்று தேய்த்துக் கொடுத்தான். ஓரம் ஒன்றும் உதட்டைக் குத்தாது. அதற்கப்புறம் அவன் கேள்வியே கேட்டதில்லை. ஆபீஸில் யாரிடமும் நஞ்சப்பன் சொன்னதில்லை. வீட்டில் எப்படி என்றால் நன்றாக இருக்கிறாள். அவ்வளவுதான். ஏ போதவில்லை, பி வந்தது, கைப்பிடிக்குள் ஈயம், கனம் இருந்தால் நடுக்கம் குறையும் என்று. சி-யில் கழுத்தை வளைத்தார், மணிக்கட்டு திரும்புவது நின்றுபோயிருந்தது. டி-யில் விரல்களைச் சுற்றி ஒரு பட்டை, பிடிக்கவே வேண்டாம், மாட்டிக்கொண்டால் போதும். இ-யில் குழி ஆழம். ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் ஒன்றை இழந்திருந்தாள். படத்தின் ஓரத்தில் அது இருக்காது. மாற்றம்: கழுத்துக் கோணம் என்றுதான் இருக்கும். நடுவில் குளியலறைக்குக் கைப்பிடி வரைந்தார், 4121. கட்டில் ஓரத்துக்குக் கம்பி, 4130. எல்லாம் எட்டு. "பம்புக்குப் போடற மாதிரி எனக்கும் ஒரு ஃபைல் போட்டுட்டீங்களா?" என்றாள் அமராவதி. அப்போதும் பேச்சு இருந்தது. மெதுவாகிக்கொண்டிருந்தது, ஆனால் இருந்தது. இப்போது எஃப். நேற்றுத்தான் ஆரோக்கியம் கொடுத்தான். சாப்பாட்டுப் பையில் துணி சுற்றி வைத்திருக்கிறார். கைப்பிடி எப்படி ஆடினாலும் குழி மட்டும் கிடையாக நிற்கும், உள்ளே ஒரு சின்ன பேரிங். கப்பலில் விளக்கைத் தொங்க விடுகிற மாதிரி. நல்ல வேலை. அவர் வாழ்நாளில் வரைந்ததில் இது ஒன்றுதான் யாரும் கேட்காமல் வரைந்தது. யாரும் கேட்காமல். அங்கே மனம் கொஞ்சம் தடுக்கியது. தடுக்கின இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனார். கூட்டிப் பார்த்தால் எட்டோ என்னவோ.

எனக்கு இனிமே மரகதம் வேண்டாம். இருக்கலாம். பகலில் துணைக்கு வருகிறவள், பேசிக் கொல்லுவாள். எனக்கு இனிமே மாத்திரை வேண்டாம். அதுவும் இருக்கலாம், போன மாதம் துப்பினாள். எனக்கு இனிமே பயமா இருக்கு. அவள் பயந்து இவர் பார்த்ததில்லை. எனக்கு இனிமே போதும். ஏசி நின்றது. நின்றதும்தான் அது இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. காதில் ரத்தம் ஓடுகிற சத்தம். போதும் என்றால்? போதும் என்றால் போதும். நஞ்சப்பன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சே. எவளோ எங்கேயோ சொன்னதைக் கொண்டுவந்து அவள் வாயில் வைக்காதே. அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. சொல்கிறவள் இல்லை என்று யார் சொன்னது? அவள் கடைசியாக ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிக் கேட்டது எப்போது? யோசித்தார். வரவில்லை. நினைவில் வருகிற வாக்கியத்துக்கெல்லாம் வால் இவருடையது. டாக்டர் கேட்டார், எப்படிம்மா இருக்கு என்று. இவர் சொன்னார், தூக்கம் பரவாயில்லை, நடைதான் கொஞ்சம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "சார், நோய் உங்களுக்கா அவங்களுக்கா? அவங்களுக்குச் சொல் மறக்கல. வர்றதுக்கு நேரம் ஆகுது, அவ்வளவுதான். வெளியில காத்திருக்கவங்களப் பத்தி நான் கவலைப்பட்டுக்கறேன்." அன்று அவள் என்ன சொன்னாள்? ஏதோ சொன்னாள். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வாயை மூடி வைக்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது. மகன் நாசிக்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். அவன் அப்பனைக் கொண்டு பிறந்தவன். அம்மா வாயைத் திறந்ததும் சரிம்மா, சரிம்மா, சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா. அவள் கேட்க நினைத்தது சாப்பாட்டைப் பற்றித்தானா என்று அவனுக்கும் தெரியாது. கடைசி ரிவிஷனை மட்டும்தான் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மெஷின் ஷாப் முழுக்கச் சட்டம் போட்டவர் நஞ்சப்பன். பழைய படம் ஒன்று மெஷின் பக்கத்தில் கிடந்தால் அங்கேயே கிழிப்பார். கிழித்ததை ஆபரேட்டர் கையிலேயே கொடுப்பார். வீட்டில் மட்டும் அவர் ஏ-வோடு குடித்தனம் நடத்துகிறார். படபடவென்று பேசுகிறவளை மனசில் வைத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவளுக்குப் பதில் சொல்கிறார். கோடு முழுசாகப் பச்சையாகிவிட்டது. எப்போது ஆனதோ. திரையில் பட்டியலும் கேள்வியும் வந்து நின்றன. காலியாக உள்ள எண்கள் இவை. புதிய படங்களுக்கு ஒதுக்கவா? ஆமாம். இல்லை. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. இவற்றுள் மூன்று எண்களில் எந்த வேலையுடனும் சேராத ஃபைல்கள் உள்ளன. ஒதுக்கினால் நீக்கப்படும். 4112. 4121. 4130. பக்கத்தில் பேர்: ஸ்பூன். கைப்பிடி. கம்பி. யாருடையது என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"முடிஞ்சிருச்சுங்களா சார்?" ஹசீனா வந்துவிட்டாள். கையில் மோர் டம்ளர், அவருக்கு. மேஜை மேல் வைத்தாள். அவருடைய சாப்பாட்டுப் பை திறக்காமல் இருப்பதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரையைப் பார்த்தாள். "காலி நம்பர்ல இந்த மூணுல மட்டும் ஃபைல் இருக்கே சார்." குப்பை என்றார் நஞ்சப்பன். அவள் எட்டி மவுஸைத் தட்டினாள். ஸ்பூன் விரிந்தது. ஏ, பி, சி, டி, இ, எஃப். ஒன்றின் பக்கத்தில் ஒன்று. "குப்பைக்கு ஆறு ரிவிஷனா சார்?" அவள் படத்தின் மேல் குனிந்தாள். கழுத்துக் கோணம், பட்டையின் அகலம், குழியின் ஆழம் எல்லாம் படித்தாள். படம் படிக்கத் தெரிந்தவள். நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க அத்தாவுக்கும் கை ஆடும் சார். அவரு ஸ்பூனத் தூக்கி என் மேலயே எறிவாரு." சிரித்தாள். "இதுக்கு நான் யார் பேரும் போடல. நீங்க சொன்னாப் போடறேன், இல்லைன்னா தள்ளிடறேன். சின்னவர் இப்ப வந்து பார்ப்பாரு, ஒரு நம்பர்கூட ஓட்டையா இருக்கக் கூடாதுன்னாரு." "கொஞ்சம் இரு" என்றார் நஞ்சப்பன். தான் அந்தச் சொல்லைச் சொல்வது அவருக்கே புதிதாக இருந்தது. போனை எடுத்தார். வீட்டுக்குப் போட்டார். மரகதம்தான் எடுத்தாள், எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, நீங்களே கேளுங்ணா இந்த அநியாயத்த. தோசையும் வேண்டாம், சோறும் வேண்டாம்னு அக்கா உக்காந்திருக்காங்க. ஊட்டப் போனா ஸ்பூனத் தட்டி வுட்டுட்டாங்க. நான் என்ன பண்ணட்டுங்ணா?" "போன அவ காதுல வெய்யி. வெச்சுட்டு நீ அந்தாண்ட போ." மரகதம் முணுமுணுப்பது தூரமாயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம். அதற்குள் ஒரு மூச்சு. "அமரா. காலையில என்னமோ சொல்ல வந்த. நான் பேச்ச அறுத்துட்டேன். இப்பச் சொல்லு." மூச்சு. ஃபேன். திரையில் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு..." என்றாள். வாயில் வந்து நின்றது நஞ்சப்பனுக்கு, தலைவலிக்குதா என்று. பல்லைக் கடித்தார். ஹசீனா ஏதோ கேட்க வாயெடுத்தாள், கையைக் காட்டி நிறுத்தினார். "...இனிமே..." இதோ, இந்த இடம். காலையில் இங்கேதான் இவர் இட்லியைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது வைக்கவில்லை. காதை அழுத்திக்கொண்டார். ஒன்றும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்த இடத்தில் ஏகப்பட்டது நடந்துகொண்டிருந்தது. எச்சில் விழுங்குகிறாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடுகிறது. உதடு ஒரு எழுத்துக்காகக் குவிகிறது, தவறுகிறது, மறுபடி குவிகிறது. கிணற்றிலிருந்து ஒருத்தி தனியாக வாளி இழுக்கிற மாதிரி. அவருடைய நாக்கு உள்ளே புழுவாகத் துடித்தது. போதும்னு மட்டும் சொல்லிடாதே. அதையும் சொல்லவில்லை. விட்டார். "...ஸ்பூன்... வேண்டாங்க."

ஸ்பூன். நஞ்சப்பன் திரையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். புதுசு ஒண்ணு வெச்சிருக்கேன், இது ஆடாது, பேரிங் போட்டிருக்கேன். அத்தனையும் தொண்டைக்கு வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்பது இப்போது அவருக்குக் கேட்டது, மூச்சு மேலே ஏறியிருந்தது. "கையில... சாப்பிடறேன்." கொட்டுமே என்று வந்தது. விழுங்கினார். "கொட்டட்டும்... பேப்பர்... விரிச்சுக்கலாம்... எறும்பு... தின்னுட்டுப் போகுது." நிறுத்தம். ஃபேன். ஹசீனா மோர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எதத்... தின்னாலும்..." என்றாள் அமராவதி. இதன் மீதி நஞ்சப்பனுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது. பம்பாய் வருமா வராதா என்று காதில் இரைச்சலோடு நின்ற மாதிரி இருந்தது. "...உங்க... கம்பெனி... ருசி." அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, ஆபீஸில், ஹசீனா திடுக்கிடுகிற மாதிரி. எதிர்ப்பக்கமும் ஒரு சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆறு ரிவிஷன். ஈயம் என்ன, பட்டை என்ன, பேரிங் என்ன. வேண்டுமா என்று ஒரு தடவை கேட்கவில்லை. ரசம் சாதத்தை விரலால் பிசைந்து, சூடு பார்த்து, உருட்டி வாயில் போடுகிறவள். அந்த விரலைப் பட்டை போட்டுக் கட்டிவைத்தார். "சரி. ஸ்பூன ரத்து பண்ணிடறேன்" என்றார். "ம்" என்றாள். பிறகு, வைத்துவிடப் போகிறாரோ என்று பயந்தவள் மாதிரிக் கொஞ்சம் வேகமாக, "லைன்ல... இருங்க. இன்னும்... ஒண்ணு." "இருக்கேன்" என்றார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மவுஸைப் பிடித்தார். ஒதுக்கவா? இல்லை. அழுத்தினார். "சின்னவர்..." என்று ஹசீனா உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் பேசிக்கறேன்" என்று இவரும் உதட்டையே அசைத்தார். 4112-ஐத் திறந்தார். எஃப்-க்குப் பக்கத்தில் ரத்து என்று போட்டார். காரணம் எழுதாமல் ரத்து செய்ய முடியாது, அவர் போட்ட சட்டம்தான், ஹசீனா அதை அப்படியே மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். கட்டம் காத்துக்கொண்டிருந்தது. வலது கையின் ஒற்றை விரலால் அடித்தார். உபயோகிப்பவர் வேண்டாம் என்றார். ஹசீனா அதைப் படித்தாள். யாருடையது என்ற கட்டத்தை அவரே நிரப்பினார். நாலு எழுத்து தப்பாக அடித்து, அழித்து, அமராவதி என்று போட்டார். கைப்பிடிக்கும் கம்பிக்கும் அதே பேர். சாப்பாட்டு மணி மறுபடி அடித்தது. கேண்டீனிலிருந்து ஆட்கள் வருகிற காலடி, பேச்சு, யாரோ பாட்டை முனகிக்கொண்டு. ஏசி மறுபடி இழுக்க ஆரம்பித்தது. நஞ்சப்பன் ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் உதடு ஒன்று குவிந்து, தவறி, மறுபடி குவிந்துகொண்டிருந்தது. என்னவாக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. லைனில் இருந்தார்.